பின்னங்காலைப் பிடித்தவன்

பின்னங்கால் எனக்கு என்று முடிவாகிவிட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கோர்னெல் முதலில் தன் நெஞ்சைத் தட்டிக் கத்தியைத் தூக்கிக் காட்டினார், அப்புறம் தம்பி நெலுவைக் காட்டி முன்னங்கால் என்று தன் முழங்கையைத் தட்டினார், அப்புறம் என் பக்கம் திரும்பி, நான் அவர் வீட்டு மாடியறையில் ஆறு நாள் வாடகைக்குத் தங்க வந்தவன் என்பதையெல்லாம் மறந்துவிட்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துச் சந்தையில் மாட்டுப் பல் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெலு நாலு வருஷம் ஜெர்மனியில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன், அவனுக்கும் எனக்கும் அரைகுறை ஜெர்மன் பொது. "பின்னங்கால் உங்களுக்காம். நல்ல கை, பிடித்தால் விடாத கை என்கிறார் அண்ணன்" என்றான். பிடித்தால் விடாத கை. சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்ய. நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது எனக்கு. காலை ஒன்பது மணி, மைனஸ் எட்டு டிகிரி, ருமேனியாவின் வடக்கு மூலையில் பேர் வாயில் நுழையாத ஒரு மலைக்கிராமம், கொல்லையில் கணுக்கால் உயரத்துக்குப் பனி, பனியின் நடுவே வைக்கோலைப் பரப்பி ஒரு மெத்தை. யாரோ படுக்கப்போகிற மாதிரி அவ்வளவு ஒழுங்காக விரித்திருந்தார்கள். இன்றைக்கு டிசம்பர் இருபது, இக்னாத் என்கிற புனிதரின் நாள், இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பன்றி அறுக்கிற நாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஏற்கெனவே கத்தல் வந்துகொண்டிருந்தது. ஒன்று நிற்கும், மேட்டு வீட்டில் இன்னொன்று தொடங்கும். தூரத்திலிருந்து கேட்டால் பன்றி கத்துவதும் மனுஷன் கத்துவதும் ஒன்றுதான். எனக்குத் தெரியும்.

நான் இங்கே பன்றி அறுக்கவா வந்தேன். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் அலுவலகத்தைப் பதினேழாம் தேதியே இழுத்து மூடிவிட்டார்கள், புது வருஷம் பிறந்து ஐந்தாறு நாள் கழித்துத்தான் திறப்பார்கள். விடுமுறைக்கு எங்கே எங்கே என்று ஒரு மாதமாக ஒரே பாட்டு. ருமேனியா, தனியாக, என்று சொன்னதும் பக்கத்து மேஜை சபீனே கண்ணை விரித்து, தனியாகவா, அருமை, மனசு தெளியும் என்றாள். அந்தப் பல்வரிசையில் ஒரு குத்து விடலாம் போலிருந்தது. குளம் தெளிந்தால் அடியில் கிடப்பது தெரியும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் பாவம். வரைபடத்தில் விரலை வைத்தேன், தமிழ் பேசுகிறவன் ஒருத்தன்கூட எதிரே வரமாட்டான் என்று தோன்றிய இடத்தில் விரல் நின்றது, அவ்வளவுதான் என் பயணத்திட்டம். இரண்டு விமானம், ஒரு ரயில், ஒரு பேருந்து ஏறி முந்தாநாள் வந்து சேர்ந்தேன். ஆனால் ஓடிப்போகிறவன் செல்போனை எடுத்துக்கொண்டா ஓடுவான். சட்டைப்பையில் கிடக்கிறது, நெஞ்சுச் சூட்டில். அதற்குள் தங்கச்சி பூரணியின் குரல் நாற்பத்தோரு விநாடி, வந்து மூன்று நாளாகிறது, இன்னும் திறந்து கேட்கவில்லை. அப்பா எடுத்து அனுப்பிய விமானச் சீட்டும் இருக்கிறது, ஜனவரி மூன்று. ஆறாம் தேதி கோர்ட்டில் நான் சாட்சி, அப்பா பக்கத்துச் சாட்சி. வக்கீல் சொல்லித்தந்த நாலு வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் குலதெய்வம் கோயிலில் கிடாவெட்டு. காலை ஆறு மணியிலிருந்து இருட்டும் வரைக்கும் என் அப்பாவும் சித்தப்பாவும் கோயிலை விட்டு எங்கும் நகரவில்லை. நான் அவர்கள் கூடவே இருந்தேன். ஜெயசீலன் அங்கே வரவே இல்லை. இதில் மூன்றாவது வரி இருக்கிறதே, நான் அவர்கள் கூடவே இருந்தேன், அது கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்கிற உண்மை. "நாலு வார்த்தைல, நாலே நாலு வார்த்தை, படிச்ச புள்ள நீ சொன்னா ஜட்ஜு நம்புவான். இல்லன்னா உங்கப்பன் உள்ள போய்க் கெடந்து சாக வேண்டியதுதான்" என்று அப்பா போனில் அழுதார். அப்பா அழுது நான் கேட்டதே இல்லை. கேட்க நன்றாகவும் இருந்தது, கேட்கச் சகிக்கவும் இல்லை.

பன்றிப்பட்டியின் கதவு திறக்கிற சத்தத்துக்குக் கோர்னெலின் மனைவி வியோரிக்கா முந்தானையால், முந்தானை எங்கே, தலையில் கட்டிய துணியால், முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். மாசி பங்குனியிலிருந்து வேகவைத்த உருளைக்கிழங்கும் சோளமும் போட்டு வளர்த்தவள் அவள். கோர்னெல் கொல்லையில் நிற்கிறவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார், நெலு எனக்காகத் திருப்பிச் சொன்னான். "இரக்கப்படுகிறவர்கள் யாரும் இருந்தால் உள்ளே போய்விடுங்கள். இரக்கப்படுகிறவன் பக்கத்தில் நின்றால் பன்றி லேசில் சாகாது. இழுத்துக்கொண்டு கிடக்கும். எங்கள் ஊர் நம்பிக்கை. உங்களுக்கு எப்படி?" எனக்கு இரக்கம் கிடையாது என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது பாருங்கள், ஜெர்மனில் நாலே சொல், வினைச்சொல் எங்கே வைப்பது என்றுகூடத் தடுமாறவில்லை. ஆனால் சொல்லி முடித்த நொடியில் அந்த நம்பிக்கை காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, வழிதவறி நுழைந்த எறும்பு மாதிரி. இரக்கப்படுகிறவன் பக்கத்தில் நின்றால் லேசில் சாகாது. ஜெயசீலன் லேசில் சாகவில்லை. வெகுநேரம் ஆயிற்று. சீமைக்கருவேல மரத்தின் நிழல் என் செருப்பிலிருந்து கரண்டைக்கால் ஏறி முழங்கால் வரைக்கும் வந்தது, அதுவரைக்கும் ஆயிற்று. அப்படியானால் அங்கே யாரோ இரக்கப்பட்டிருக்கிறார்கள். யார்? சித்தப்பாவா, அவர் கையில் அரிவாள். சித்தப்பா மகன் கொண்டலா, அவன் வலது காலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தான், உட்கார்ந்துகொண்டே வாயில் பாக்கு மென்றான். அப்பாவா, அவர் கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கைகூப்பி நின்றார், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மிச்சம் யார். நான்தான். என்னவோ பரிசு விழுந்தவனைப்போல உடம்பெல்லாம் சூடாயிற்று. ஆக எனக்கு இரக்கம் இருந்திருக்கிறது. இந்தப் பன்றியும் லேசில் சாகாவிட்டால் அது உறுதி. சாகக்கூடாது, இழுத்துக்கொண்டு கிடக்கட்டும், அரை மணி நேரம் கதறட்டும், எனக்கு இரக்கம் உண்டு என்று இந்த மலைக்கே கேட்கட்டும். ஒரு பிராணி நன்றாகச் சித்திரவதைப்பட்டுச் சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன், என்னுடைய நல்ல மனசை நிரூபிப்பதற்காக.

வந்தது. நூற்றைம்பது கிலோ இருக்கும், வெளிறிய ரோஜா நிறம், காதுக்குப் பின்னால் சேறு. காலில் கயிறு இருப்பது தெரியாமல் வைக்கோலை முகர்ந்துகொண்டு தானாகவே நடந்து வந்தது. எல்லோரும் தயாராகிவிட்டார்கள், நெலு கையில் துப்பி உள்ளங்கைகளைத் தேய்த்தான், கோர்னெல் கத்தி முனையால் காற்றில் சிலுவை போட்டார். எனக்குப் பகீரென்றது. தண்ணீர் எங்கே? இன்னும் தண்ணீர் தெளிக்கவில்லையே, உத்தரவு கேட்கவில்லையே, கேட்காமல் எப்படி? வாய்விட்டே கேட்டுவிட்டேன், தண்ணீர், தண்ணீர் என்று ஜெர்மனில். நெலு உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க வியோரிக்கா ஒரு கண்ணாடிக் குவளையில் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள், அழுத மூக்கோடு, அன்பாக. குடித்தேன். பல்லெல்லாம் கூசிற்று. எங்கள் கோயிலில் அப்படி விட மாட்டார்கள். கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது தலையைச் சிலுப்பவேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, கிடாயும் சம்மதித்துவிட்டது, வெட்டலாம். ஈரம் பட்ட எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும், அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வதில் எங்களுக்கு நிகர் நாங்கள்தான். ஆனால் அன்றைக்கு, ஓடைக்கரை மாடசாமி முன்னால், எங்கள் கறுப்புக் கிடா சிலுப்பவில்லை. ஒரு செம்பு ஊற்றினார்கள், சும்மா நின்றது. இரண்டாவது செம்பு, கண்ணை மூடித் திறந்தது. மூன்றாவது செம்புக்குக் கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது, கொட்டுக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார், சாமியாடி கோபத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு "கொறை இருக்குடா ஒங்க வீட்டுல, கொறையோட வந்து எங்கிட்ட கறி கேக்குதியளோ" என்று அப்பாவின் மூஞ்சிக்கு நேராகக் கேட்டார். குறை என்ன என்று அங்கே இருந்த முந்நூறு பேருக்கும் தெரியும். அதற்கு எட்டு மாதம் முன்னால் என் தங்கச்சி பூரணி, நர்சு வேலை பார்க்கிறவள், கோவில்பட்டி ரிஜிஸ்தர் ஆபீசில் ஜெயசீலனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவன் வேறு தெரு. வேறு தெரு என்றால் எங்கள் பக்கம் போதும், அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, முழங்கையெல்லாம் மண்ணோடு, "கொறையத் தீத்துட்டுத்தான் இனி வீட்டுப்படி ஏறுவேன் சாமி" என்றார். அந்தச் சமயம் பார்த்து அந்தப் பாழாய்ப்போன கிடா தலையைச் சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. குலவை, கொட்டு, ஒரே வெட்டு. எல்லாருக்கும் சந்தோஷம்.

"இப்போ!" என்று நெலு கத்தினான், கயிறு சுண்டியது, நூற்றைம்பது கிலோவும் பக்கவாட்டில் விழுந்த அதிர்வில் பனி என் வாய்க்குள் போயிற்று. எந்தப் பக்கத்துக் கால் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, கை தானாக இடது காலுக்குப் போனது. கணுவுக்கு மேலே, நாலு விரல் ஒரு பக்கம் கட்டைவிரல் ஒரு பக்கம். சூடு. குளிரில் விறைத்த கைக்குள் அந்தச் சூடு ஏறிற்று. பன்றி கத்தத் தொடங்கியது, அது கத்தல் இல்லை, தகரத்தை நெடுகக் கிழிக்கிறார்கள், கிழித்து முடிந்தபின் இன்னொரு தகரம். உதைத்தது. அதன் உதை என் தோள்பட்டைவரைக்கும் வந்து இடித்தது, முழங்காலால் தொடையை அமுக்கினேன், அழகாக அமுக்கினேன், எங்கே அமுக்கவேண்டும் என்று தெரிந்தவன் அமுக்குகிற மாதிரி. அவனும் இப்படித்தான் உதைத்தான். மத்தியானம் இரண்டரை மணி இருக்கும், பைக்கில் வந்தான், தேய்த்த சந்தனக்கலர் சட்டை, ஒரு பை நிறைய ஆப்பிள். அப்பாதான் போன் போட்டு, கறிச்சோறு ஆக்கியிருக்கு, மாப்பிள்ளை வந்து கைநனைச்சுட்டுப் போங்க என்று கூப்பிட்டார். மாப்பிள்ளை என்கிற ஒரு சொல்லுக்காக வெயிலில் பன்னிரண்டு மைல் வந்தான் கிறுக்கன். என்னைப் பார்த்ததும், "என்ன மச்சான், பந்தி முடிஞ்சிருச்சா, எனக்கு எலும்பு ஏதும் வச்சிருக்கியளா" என்றான். நான் சிரித்தேன். ஓடையில் நின்று பேசலாம் என்று சித்தப்பா அவன் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு போனார், நான் பின்னால் போனேன். எனக்குத் தெரியுமா? தெரியாது. இரண்டு தட்டுத் தட்டி, பூரணியை விட்டுவிடு என்று மிரட்டி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படியானால் சித்தப்பா வேட்டிக்குப் பின்னால் சொருகியிருந்தது என்ன, கிடா வெட்டிய அரிவாள் இல்லையா, கழுவாத அரிவாள், முதுகில் வேட்டியெல்லாம் சிவப்பாய் ஊறிக்கொண்டு உனக்கு முன்னாலேயே போனது, பார்த்தாயா இல்லையா? பார்த்தேன். பார்த்துவிட்டுத் தெரியாது என்பாயா? தெரியும். இல்லை, பார்த்தேன், ஆனால் தெரியாது. இந்த இடத்துக்கு வந்தால் எனக்குப் புத்தி மாட்டிக்கொள்கிறது, இருபத்திரண்டு மாதமாக இதே இடத்தில் கால் வழுக்குகிறது. கீழே தள்ளியாயிற்று. கொண்டல் வலது கால், நான் இடது கால். சித்தப்பா தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவன் தலையில் கவிழ்த்தார். கண்ணில் தண்ணீர் போனதும் அவன் தலையைச் சிலுப்பினான், யாராயிருந்தாலும் சிலுப்புவான். சித்தப்பா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்து, "பாத்தியாண்ணே, ஒரே பாட்டில்ல குடுத்துட்டான் உத்தரவு" என்றார். கொண்டல் சிரித்தான். என் உதடும் அசைந்தது, அது சிரிப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அப்போதுதான் ஜெயசீலன் என்னைப் பார்த்தான். நாலு பேரில் என்னைத் தேர்ந்தெடுத்தான். கொல்லாதீர்கள் என்று கேட்டிருந்தால்கூட எனக்கு ஒரு பதில் இருந்திருக்கும். "மச்சான், காலை மட்டும் கொஞ்சம் விடுங்க மச்சான், மரத்துப்போச்சு" என்றான். இவ்வளவு சின்ன உதவி. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரனிடம் கேட்கிற மாதிரி. நான் விட்டேன். இரண்டு விரல் அளவுக்குப் பிடியைத் தளர்த்தினேன், அவ்வளவுதான், அவன் காலை உருவிக்கொண்டு உடம்பை முறுக்கினான், கழுத்துக்கு வந்த அரிவாள் தோளில் இறங்கிற்று. ஒரு நொடியில் முடியவேண்டியது முடியவில்லை. "ஏல, பொட்டப்பயல, ஒழுங்காப் புடிடா!" என்று சித்தப்பா கத்தினார், நான் பிடித்தேன். இரண்டு கையாலும், எலும்பு நெரிகிற மாதிரி, முன்னைவிட இறுக்கி. அப்புறம்தான் அந்த நிழல் முழங்கால்வரை ஏறியது. ஆக இந்த ஊர்க்காரர்கள் சொல்வது மெய்தான், கோர்னெல், உங்கள் புனிதர்மேல் ஆணையாக மெய்தான். இரக்கப்படுகிறவன் பக்கத்தில் நின்றால் லேசில் சாகாது. இரண்டு விரல் இரக்கம். காப்பாற்றப் பத்தாது, சித்திரவதை பண்ணப் போதும். அதைத்தான் நான் இத்தனை நாளாக என் நல்ல மனசு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், என்றைக்காவது யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம் என்று.

பன்றியின் கால் என் கையில் ஒருமுறை உருவப் பார்த்தது. உருவிக்கொள்ள விடவில்லை. இந்தத் தடவை இரண்டு விரல் என்ன, ஒரு நகம்கூட விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என் நெற்றியை அதன் தொடையில் முட்டுக்கொடுத்து இறுக்கினேன், விட்டால் அதற்குத்தான் கெடுதல் என்று தெரிந்த கையாக இறுக்கினேன். கோர்னெலின் தோள் ஒரு தரம் முன்னால் போய்வந்தது. கத்தல் நடுவிலேயே அறுந்தது. கழுத்தடியில் வைத்த பேசினுக்குள் ரத்தம் விழுகிற சத்தம், பால் கறக்கிற சத்தம்தான் அது, ஆவி பறந்தது, ஆவியில் இரும்பு வாசம். எண்ணினேன். பதினெட்டு வரைக்கும் எண்ணியபோது கால் கனத்தது. பத்தொன்பதில் அது வெறும் கால். அவ்வளவுதானா? இவ்வளவு லேசா? பிடித்தவாறே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது, செத்த பன்றியின்மேல், எழுந்திரு நாயே, இன்னும் கொஞ்சம் கதறு, என்னை இப்படி விட்டுவிட்டுப் போகாதே என்று அதன் தொடையில் முஷ்டியால் குத்தினேன், இரண்டு தடவை. இறைச்சி இறைச்சியாகவே கிடந்தது. நெலு என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, போதும் போதும், முடிந்தது என்றான்.

வைக்கோலை மேலே குவித்துத் தீ வைத்தார்கள். மயிர் பொசுங்கும் நாற்றம் மலைச்சரிவெங்கும் எல்லா வீட்டிலிருந்தும் வந்து ஒன்றாகக் கலந்தது. கோர்னெல் மூன்று சின்னக் குவளைகளில் பிளம்பழச் சாராயத்தை ஊற்றிக்கொண்டே எதையோ சொல்லி என் முதுகில் தட்டினார். "பன்றி சுலபமாகப் போய்விட்டது, உங்கள் கைதான் காரணம் என்கிறார். இதற்கு முன்னால் செய்திருக்கிறீர்களா?" என்றான் நெலு. "ஒரு தடவை" என்றேன். "ஆடா?" "இல்லை." "மாடா?" அவனுக்கு விளையாட்டாயிருந்தது. "மனுஷன்" என்றேன். இருபத்திரண்டு மாதத்தில் முதல் தடவை, யார் பெற்ற பாஷையிலோ. வாயைவிட்டு வெளியே வந்ததும் அது ரொம்பச் சாதாரணமாக இருந்தது, குளிருக்கு ஒரு புகை மாதிரி போயிற்று. நெலு விழுந்து விழுந்து சிரித்தான், சிரித்துக்கொண்டே அண்ணனுக்கு மொழிபெயர்த்தான். கோர்னெல் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என் கையைப் பார்த்தார். எனக்கு நீட்டியிருந்த குவளையைத் திரும்ப எடுத்து விறகுக்கட்டையின்மேல் வைத்தார், ஆட்டுத்தோல் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சொல் கேட்டார். நெலுவின் சிரிப்பு பாதியில் நின்றது. "பிறகு? என்று கேட்கிறார்" என்றான். பிறகு. நல்ல கேள்வி. பிறகு செருப்பைக் கழற்றி ஓடை மணலை அள்ளிக் காலைத் தேய்த்துக்கொண்டேன். பிறகு பந்தியில் கடைசி வரிசைக்கு இலை போட்டேன், எலும்பு பொறுக்கிப் பரிமாறினேன். பிறகு பூரணியிடம், நான் பந்தியிலதாம்மா நின்னேன், ஒண்ணுமே தெரியாதும்மா என்றேன். பிறகு விசா வந்தது. பிறகு நாலு வரி. இதையெல்லாம் எப்படி ஜெர்மனில் சொல்ல, ஒரு சொல்லில் கேட்டவருக்கு. குவளை கட்டையின்மேலேயே இருந்தது, கை நீட்டினால் எட்டும், யாரும் தடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை.

வைக்கோல்போரின் பின்பக்கம் போய்ப் பனியை அள்ளிக் கையைத் தேய்த்துக்கொண்டு செல்போனை எடுத்தேன். நகக்கண்ணில் ரத்தம். நாற்பத்தோரு விநாடியைத் திறந்தேன். "அண்ணே, நல்லாருக்கியா. அங்க ரொம்பக் குளுராமே, காதக் கட்டிக்கோ. ஆறாந்தேதி நீ வர்றதா அம்மா சொன்னாவ. அப்பா பக்கத்துக்குன்னு சொன்னாவ. எனக்குக் கோவம்லாம் இல்லண்ணே. ஒனக்கு அப்பாதான. ஆனா நீ எனக்குப் பொய் சொல்லமாட்டேன்னு இருக்கேன். அன்னைக்கு நீ கண்ணால பாத்தது ஏதாச்சும் இருந்தா, யாரு அங்கருந்து எந்திரிச்சுப் போனா, யாரு எப்ப வந்தா, அத மட்டும் சொல்லு. நம்ம வீட்டுலயே நீ ஒருத்தந்தான் இதுல கலக்காதவன்." அதற்குமேல் மூச்சுச் சத்தம் மட்டும். கலக்காதவன். அவளுக்கு நர்சுக் கண். அரசாங்க ஆஸ்பத்திரிப் பிணவறையில் போலீஸ்காரனைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் துணியை விலக்கித் தலையிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தவள். ஒரு மாதம் கழித்து என்னிடம்தான் சொன்னாள், வேறு யாரிடம் சொல்வாள், "அண்ணே, வெட்டுக்காயத்தக்கூட பாத்துட்டேன், கணுக்கால்ல வெரலு பதிஞ்சிருந்துச்சுண்ணே, நாலு வெரலு, நீலமா. எவனோ அம்புட்டு இறுக்கிப் புடிச்சிருக்கான். அந்தக் கை யாருதுன்னு தெரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும்" என்று. எந்தக் கால் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்பானேன்.

அழைத்தேன். அங்கே மத்தியானம் ஒரு மணி, வார்டில் இருப்பாள், எடுக்கமாட்டாள், எடுக்காவிட்டால் என் குற்றமில்லை என்று நினைப்பதற்குள் எடுத்துவிட்டாள். "சொல்லுண்ணே" என்றாள். பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது, ஒரு கிழவன் இருமினான். எனக்குத் தொண்டைக்குள் அந்த நாலு வரியும் வரிசையாக வந்து நின்றது, அவசரத்துக்கு உதவ வந்த சொந்தக்காரர்கள் மாதிரி. எனக்கு ஜெயில், அப்பாவுக்கும் ஜெயில், அம்மா ஒற்றையாக, எல்லாம் தெரிந்தது. இந்தத் தடவை தெரியாது என்று சொல்ல முடியாது. இரண்டு விரல் தளர்த்தினால் போதும், நான் பார்த்தேன் பூரணி, அவர்கள் எழுந்து போனதைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும், அவளுக்கு அதுவே பெரிசு, நன்றி சொல்வாள், நானும் தப்பிப்பேன். மறுபடியும் அந்த இரண்டு விரல். "பூரணி, நான் பாத்ததச் சொல்லக் கூப்பிடல" என்றேன். "நான் பந்தியில இல்ல. ஓடையிலதான் இருந்தேன். ஜெயசீலன் காலைப் புடிச்சது நான்." வைக்கோல்போருக்கு அந்தப் பக்கம் தீ படபடத்தது. சக்கரச் சத்தம் நின்றிருந்தது. "சிஸ்டர், டிரிப்ஸ் பாட்டில் தீந்துருச்சு சிஸ்டர்" என்று ஒரு பெண்குரல். "வர்றேம்மா, அந்தத் திருகை மூடி வைங்க, ஒரு நிமிசம்" என்று அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். குரலில் ஒன்றும் மாறவில்லை. அப்புறம் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள், மூச்சு என் காதில் பட்டது.

"எந்தக் கால்?"

அண்ணே என்று சேர்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அவள் அந்தச் சொல் இல்லாமல் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எடது" என்றேன்.

"ஆமா, எடதுதான்" என்றாள். நான் போனை வைக்கவில்லை. வார்டின் கடைசிக் கட்டில்வரைக்கும் அவள் செருப்புச் சத்தம் போவதும், பாட்டிலை மாற்றுவதும், சொட்டு சரியாக விழுகிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்பதும், திரும்பி நடந்து வருவதும் கேட்டது. "ஆறாந்தேதி பத்தரை மணிக்கு. இத அங்க வந்து சொல்லு" என்றாள்.